வெண்ணெய் இல்லாத வெண்ணெய் பிஸ்கட்

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில், டீக்கடைக் கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்துத் தின்ற பிஸ்கட்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. சேலத்தில் பாதிப் பேர் வீட்டில் பிஸ்கட் சுடுகிறார்கள். மீதிப் பேர் சுடுவதற்காக எதையோ வாங்கி ஏமாந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பேரனுக்கு நெய் பிஸ்கட் சுட்டுத் தர ஆசை. மாதம் இரண்டு முறை சுடுவேன். எத்தனை லிட்டர் ஓடிஜி (பிஸ்கட், கேக் சுடும் மின் அடுப்பு) வாங்கலாம்? கடைக்காரர் 60 லிட்டர் என்கிறார். – பேர்லேண்ட்ஸ் வாசகி

ஒரு பேரனுக்கு 60 லிட்டரா? 25 முதல் 30 லிட்டர் தாராளம். அதற்காக என்னைப் போல மறுகோடிக்கும் போய்விடாதீர்கள். மலிவாகக் கிடைத்தது என்று 9 லிட்டர் வாங்கினேன். வீட்டிலிருந்த எந்தத் தட்டும் அதற்குள் நுழையவில்லை. நுழைந்த ஒரே தட்டில் ஆறு பிஸ்கட் வைக்கலாம். மேல் சூட்டுக் கம்பி பிஸ்கட்டின் தலைக்கு மேலேயே இருந்ததால் மேற்புறம் கருகும், அடியில் மாவு பச்சையாக இருக்கும். இப்போது அதில் பூண்டு போட்டு வைத்திருக்கிறோம்.

மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டும் தனித்தனியாக இயங்குகின்றனவா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். 1500 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். சமையலறையில் 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். ஒரு டம்ளர் மைதாவை நீங்கள் தட்டி அழுத்தி அளப்பீர்கள், மருமகள் அள்ளிப் போடுவார். இரண்டும் ஒரே எடை ஆகாது. மூன்றாவது முறை பிஸ்கட் ஏன் கல்லானது என்று எனக்குத்தான் கடிதம் வரும்.

கேள்வி: குக்கரில் மணல் கொட்டிச் சுடலாமா? – சூரமங்கலம்

வேண்டாம். தண்ணீர் இல்லாமல் அரை மணி நேரம் காய்வதற்குச் செய்த பாத்திரமல்ல அது. அடி கனமான பழைய இரும்புச் சட்டியும் பொருத்தமான மூடியும் போதும்.

கேள்வி: சேலத்தில் அக்கா வீட்டில் அருமையாக வந்த அதே அளவு, ஏற்காட்டில் என் வீட்டில் தட்டு முழுக்கப் பரவி ஒரே அப்பளமாகிவிடுகிறது. ஓவனை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? – ஏற்காடு

கடைக்காரரை விட்டுவிடுங்கள், பாவம். உங்கள் செய்முறை இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறியிருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சோடாவிலிருந்து கிளம்பும் வாயு கீழே விரிவதைவிட அதிகமாக விரியும். மாவு இறுகுவதற்குள் பிஸ்கட் படுத்துவிடும். சோடா உப்பைக் கால் பங்கு குறையுங்கள். சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துவிட்டு, மைதாவில் ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். சூட்டை ஐந்து, பத்து டிகிரி ஏற்றிக்கொள்ளுங்கள். தட்டில் வைக்கும் முன் உருண்டைகளை அரை மணி நேரம் குளிரவிட்டால் இன்னும் நல்லது.

பனிமூட்ட நாளில் சுட்டால் ஆறிய கையோடு டப்பாவில் அடைத்துவிடுங்கள். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நமுத்துப்போனால் தூக்கி எறியாதீர்கள். 120 டிகிரியில் பத்து நிமிடம் மறுபடி வைத்து எடுங்கள். பிஸ்கட் என்ற சொல்லுக்கே லத்தீன் மூலத்தில் 'இருமுறை வெந்தது' என்றுதான் பொருள்.

கேள்வி: மே மாதம் பிசையும்போதே நெய் உருகி ஓடுகிறது. – கன்னங்குறிச்சி

விடியற்காலை ஐந்து மணிக்குப் பிசையுங்கள். முடியாவிட்டால் ஜூலை வரை பொறுங்கள்.

கேள்வி: பேக்கரியில் வேலை பார்த்த ஒருவர், பிஸ்கட் மொறுமொறுப்பாக வர அமோனியா போடு என்றார். உரக்கடையில் கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். எவ்வளவு போட வேண்டும்? – ஆத்தூர்

ஒரு துளியும் போடக் கூடாது! தம்பி, உரக்கடையில் வாங்கியதைச் செடிக்குப் போடுங்கள். பேக்கரிக்காரர் அமோனியா என்று சொல்வது அம்மோனியம் பைகார்பனேட். உணவுத் தரத்தில் தனியாக விற்கிறார்கள். பொட்டலத்தில் 503(ii) என்ற எண்ணும், 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்க வேண்டும். சூட்டில் அது முழுக்க வாயுவாகி வெளியேறிவிடும், எச்சம் தங்காது. பழைய பிஸ்கட்டின் அந்தப் பொறபொறப்புக்கு அதுவும் ஒரு காரணம். மெல்லிய, உலர்ந்த பிஸ்கட்டுக்கு மட்டுமே அது சரி. கேக்கில் போட்டால் வாயு உள்ளேயே தங்கி நாறும். 200 கிராம் மாவுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் தேவையில்லை. ஓவனைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், மூக்கைப் பிடுங்கும். பச்சை மாவை ருசி பார்க்காதீர்கள். இன்னொரு முறை, சாப்பிடும் பொருளை உரக்கடையில் தேடாதீர்கள்.

கேள்வி: 'பட்டர் குக்கீஸ்' என்று 200 கிராம் பாக்கெட் வாங்கினேன். அட்டையில் மஞ்சள் வெண்ணெய்க் கட்டி உருகுவது போலப் படம். பின்னால் பார்த்தால் பாமாயில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருக்கிறது. வெண்ணெய் 2 சதவீதம். இது ஏமாற்று இல்லையா? – அழகாபுரம்

உட்காருங்கள், இது என் பழைய புண்.

பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரக்காரர் எழுதியது, பின்பக்கம் சட்டத்துக்குப் பயந்து எழுதியது. சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் வருவது அதிகம், கடைசியில் வருவது பெயருக்கு. எந்தப் பொருளைப் பெயரிலோ படத்திலோ தூக்கிக் காட்டுகிறார்களோ, அதன் சதவீதத்தையும் சொல்ல வேண்டும். அந்த '2 சதவீதம்' அச்சாகியிருப்பது அதனால்தான். அதை அச்சிட்டுவிட்ட தைரியத்தில்தான் கட்டி வெண்ணெயை அட்டையில் உருகவிடுகிறார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். 200 கிராமில் 2 சதவீதம் என்றால் 4 கிராம். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. நீங்கள் வீட்டில் 100 கிராம் மைதா, 60 கிராம் வெண்ணெய், 50 கிராம் பொடித்த சர்க்கரை போட்டுப் பிசைந்தால், மாவில் கால் பங்குக்கு மேல் வெண்ணெய். பெயர் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான். வெண்ணெய் என்று விற்கிற கட்டியிலேயே 80 சதவீதம் பால் கொழுப்பு இருந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை வைத்துச் செய்ததாகச் சொல்லும் பிஸ்கட்டுக்குச் சொட்டு போதுமாம். ஒருமுறை 'நெய் மணம்' என்று எழுதிய டின்னை 480 ரூபாய் கொடுத்து நானே வாங்கினேன். மணம் என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள், நெய் சேர்த்தது என்று எழுதவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். டின்னில் இப்போது ஊசி நூல் இருக்கிறது.

பாமாயில் பிஸ்கட் விற்பதில் எனக்கு வருத்தமில்லை. பாமாயில் பிஸ்கட் என்று சொல்லி, பாமாயில் விலைக்கு விற்கட்டும்.

கேள்வி: சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்பா ஆரோரூட் பிஸ்கட் வாங்கி வருவார். அதை வீட்டில் செய்ய இணையத்தில் கால் கிலோ ஆரோரூட் மாவு 240 ரூபாய்க்கு வாங்கினேன். சிறிய எழுத்தில் 'டேபியோகா ஸ்டார்ச்' என்று இருக்கிறது. அப்படியென்றால்? – அம்மாப்பேட்டை வாசகி

மரவள்ளிக்கிழங்கு மாவு, அம்மா. ஆரோரூட் என்பது கூவைக்கிழங்கு; செடியே வேறு. நம் மாவட்டத்தில் விளைந்து, நம் ஆலைகளில் அரைத்து, ஜவ்வரிசியாகவும் மாவாகவும் ஊர் ஊராகப் போகிற சரக்கு இந்த மரவள்ளி. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்காக 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே சேலத்தில்தான் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் நடந்துபோய் வாங்க வேண்டியதை, எங்கோ ஒரு கிடங்குக்குப் போய்த் திரும்ப வரவழைத்து, வேறு பெயருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். கோபம் உங்கள் மேல் இல்லை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக எழுதியவர்கள் மேல்தான். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கடை ஆரோரூட் பிஸ்கட்டிலும் பெரும்பங்கு மைதாதான். வாங்கிய மாவை வீணாக்காதீர்கள். மைதாவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதைச் சேர்த்தால், வாயில் கரைகிற மாதிரி வரும்.

கேள்வி: சேலம் ஸ்டீலில் பேக்கிங் தட்டு வாங்கலாமா? – ஓமலூர்

அலுமினியம் வாங்குங்கள். எஃகு நம் ஊர்ப் பெருமைதான். ஆனால் சூட்டைப் பரப்புவதில் அலுமினியத்திடம் தோற்றுவிடும்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் 900 ரூபாய் குறைவு என்றார்கள். ஓவன் கதவுக் கண்ணாடி மூன்றாம் நாளே விரிசல். வாரண்டி கேட்டால் எங்கே வாங்கினீர்கள் என்கிறார்கள். – ஐந்து ரோடு

அந்த 900 ரூபாய் இருக்கிறதல்லவா? கண்ணாடி மாற்ற அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'தாத்தா காலத்து டீக்கடை பிஸ்கட்' என்று கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, செய்முறை வகுப்புக்கும் பொருள் பெட்டிக்கும் 2,400 ரூபாய் கட்டினேன். வகுப்பு நடக்கவே இல்லை. பெட்டியில் பெயரில்லாத மூன்று பொட்டலங்கள், மைதாவில் வண்டு. இப்போது என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். கணவரிடம் சொல்லவில்லை. – குகை வாசகி

முதலில் கணவரிடம் சொல்லிவிடுங்கள். தவறு செய்தவர் நீங்கள் அல்ல. படித்தவர்கள், வக்கீல்கள், இந்தப் பகுதியை எழுதுகிறவர் எல்லோரும் இப்படிப் பணம் கட்டியவர்கள்தான். இருபது அச்சுகளோடு வந்த 'பிஸ்கட் துப்பாக்கி' ஒன்றை நான் முன்பணம் கட்டி வாங்கினேன். இரண்டாவது அழுத்தலில் அதன் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நம் முறுக்கு உழக்கு அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பணம் போன ரசீது, விளம்பரம், உரையாடல் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தனியாகச் சேமியுங்கள். பெட்டியையும் வண்டையும் சேர்த்துப் படம் எடுங்கள், மேலே ஒட்டிய முகவரிச் சீட்டைக் கிழிக்காதீர்கள். இணைய மோசடிக்கு 1930 என்ற எண்ணை இன்றே அழையுங்கள். அங்கே எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2,400 ரூபாய்க்கா இவ்வளவு அலைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நீங்கள் அப்படி நினைப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் கடை நடக்கிறது.

கேள்வி: 1970-களில் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கிய அப்பா, கூலி நாளில் காகிதப் பொட்டலத்தில் பிஸ்கட் வாங்கி வருவார். என் மகள் உயர்ந்த வெண்ணெய், நல்ல பசு நெய் எல்லாம் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லை. எதை வாங்கினால் அந்த ருசி வரும்? – லீ பஜார், 63 வயது

ஐயா, உங்கள் மகள் வாங்கியது எல்லாம் உயர்ந்த சரக்கு. சிக்கலே அங்கேதான். உங்கள் அப்பா வாங்கியது வனஸ்பதி பிஸ்கட்டாகத்தான் இருந்திருக்கும். கூலிக்காரர் காசுக்கு அன்று எந்த பேக்கரி வெண்ணெய் போட்டது? வனஸ்பதி சேலத்து வெயிலில் வெண்ணெயைவிடக் கெட்டியாக நிற்கும். அதனால்தான் அந்த பிஸ்கட் கடித்ததும் மணலாக உதிர்ந்தது. விறகடுப்பில் ரொட்டி சுட்டு முடித்த பிறகு, செங்கல்லில் மிஞ்சிய சூட்டில் பிஸ்கட் மெதுவாகக் காய்ந்தது. சர்க்கரையோடு கொஞ்சம் உப்பும் தூக்கலாக இருந்தது.

அந்தக் கால வனஸ்பதியில் இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பு நிறைய. 2022 ஜனவரி முதல் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து ஒரு சின்னப் பொட்டலம் வாங்கச் சொல்லுங்கள். 100 கிராம் மைதா, 50 பொடித்த சர்க்கரை, 30 வனஸ்பதி, 25 நெய், இரண்டு சிட்டிகை உப்பு. ஏலக்காய் வேண்டாம், மகள் கட்டாயம் போட வருவாள், தடுத்துவிடுங்கள். 150 டிகிரியில் 25 நிமிடம். பிறகு ஓவனை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போதும்.

சரியாக வந்தால் நான்கு மட்டும் காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். பில் வேண்டாம்.