செல் பிரியும்போது சர்க்கரையை உடைக்குற என்சைம் ஏன் மாறுது?

பிரியுற செல் ஆக்சிஜன் தாராளமா இருந்தும் குளுக்கோஸை முழுசா எரிக்காம, பாதி உடைஞ்ச லாக்டேட்டா வெளிய விடுதே, அது வேஸ்ட் தானேன்னு கேட்டிருக்கீங்க. ஏடிபி, அதாவது செல் எனர்ஜிக்கு செலவழிக்குற காசு, அந்த கணக்கு மட்டும் பாத்தா வேஸ்ட் தான், ஒரு குளுக்கோஸை முழுசா எரிச்சா 30 கிட்ட கிடைக்குறது இப்படி விட்டா 2 தான்.

ஆனா பிரியப்போற செல்லுக்கு எனர்ஜி மட்டும் போதாதுல்லா, இன்னொரு செல் கட்டவே சாமான் வேணும், டிஎன்ஏ வேணும், கொழுப்பு வேணும். அதனால முதல்ல ஹெக்சோகைனேஸ் 2ங்குற என்சைம் கூடும், குளுக்கோஸ் உள்ள வந்ததும் பாஸ்பேட்டை ஒட்டி வெளிய போகவிடாம புடிச்சுக்கும். குளுக்கோஸை பைருவேட்டா உடைக்குற கடைசி ஸ்டெப்ல தான் விசேஷம். அந்த ஸ்டெப்பை செய்யுற என்சைம் தசையில பைருவேட் கைனேஸ் எம்1, பிரியுற செல்லுல பெரும்பாலும் எம்2, ரெண்டும் ஒரே ஜீன் தான், ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுறதுல மட்டும் வித்தியாசம். இந்த எம்2 வேகத்தை தேவைக்கு ஏத்தமாதிரி குறைக்கலாம். எங்க ஊரு பக்கம் புளியரை செக்போஸ்ட்ல கேரளா போற லாரி தேங்கி நிக்கும்லா, அதே கதை, முன்னால அடைச்சா பின்னால சரக்கு சேரும், அதுல கொஞ்சம் அமினோ அமிலம் செய்யப் பக்கவழியில போகும். டிஎன்ஏக்கு வேண்டிய ரைபோஸ்ங்குற சர்க்கரை இன்னும் மேலயே, ஜி6பிடி என்சைம் இருக்குற ரூட்ல பிரிஞ்சிடும்.

லாக்டேட் எதுக்குன்னா, எல்டிஎச்ஏங்குற என்சைம் அதை செய்யும்போது, குளுக்கோஸை உடைக்க வேண்டிய துணைப்பொருள் என்ஏடி திரும்பக் கிடைக்கும், அது இல்லன்னா மொத்த லைனும் நின்னுடும்.

ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920கள்லயே இதை கேன்சர்ல பாத்தாரு, அதுக்காக கேன்சருக்கு மட்டும்னு நினைக்காதீங்க, காய்ச்சல்ல பெருகுற, நோயை எதிர்க்குற டி செல்லும் இதையே தான் செய்யுது.