கறுப்பு கிரீஸும் சிவப்பு ஒளியும்

கேள்வி: வாகனப் பட்டறையில் நாங்கள் பயன்படுத்தும் கறுப்பு கிரீஸ் டப்பாவில் ‘மாலிப்டினம் டைசல்பைடு’ கலந்தது என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதே பெயருள்ள பொருளிலிருந்து ஒளி உணரிகள் செய்வதாகப் படித்தேன். இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: ஒன்றேதான், வேறுபாடு தடிமனில் இருக்கிறது. மாலிப்டினம் அணுக்களின் தளம் ஒன்றை மேலும் கீழும் கந்தக அணுக்கள் மூடியிருப்பதே இச்சேர்மத்தின் ஓர் ஏடு. ஏட்டுக்குள் பிணைப்பு வலிமையானது. ஏடுகளுக்கிடையிலோ வலுவற்ற வான்டர்வால்ஸ் ஈர்ப்பு மட்டுமே உண்டு. அதனால் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, பட்டறையில் உராய்வும் குறைகிறது. அதே காரணத்தால்தான் ஒட்டுநாடாவைக் கொண்டே ஆய்வாளர்களால் தனி ஏட்டை உரித்தெடுக்க முடிந்தது. அதன் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர்.

கட்டியாக இருக்கும்போது இந்தக் குறைக்கடத்தியின் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் மின்னோட்டத்துக்கு உதவும் மேல்நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல், ஏறக்குறைய 1.3 எலக்ட்ரான்வோல்ட் (எலக்ட்ரான் அளவிலான ஆற்றல் அலகு), அது மறைமுக இடைவெளி. அதாவது, மேலே சென்ற எலக்ட்ரானின் உந்தமும் அது திரும்ப வேண்டிய இடத்தின் உந்தமும் பொருந்துவதில்லை. படிகத்தின் அதிர்வு கைகொடுத்தால்தான் ஒளியை உமிழ்ந்து இறங்க முடியும் என்பதால், ஒளி அனேகமாக வெளிவருவதே இல்லை. ஒற்றை ஏடாக்கினால் இடைவெளி நேரடியானதாக மாறி, 1.8 எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்று மேலே உயர்கிறது; லேசர் பட்டதும் ஏடு சிவப்பாக ஒளிர்கிறது. கொலம்பியா, பெர்க்லி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இரு குழுக்கள் 2010இல் இதைத் தனித்தனியே காட்டின. இடைவெளியே இல்லாத கிராஃபீனால் (கார்பன் அணுக்களின் ஒற்றை ஏடு) இது இயலாது.

உணரியாக இதன் திறன் வியப்பூட்டும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆண்ட்ராஸ் கிஸ் குழுவினர் 2013இல் செய்த ஒற்றை ஏட்டு ஒளி டிரான்சிஸ்டர், மங்கலான பச்சை ஒளியில், விழும் ஒளியின் ஒரு வாட்டுக்கு 880 ஆம்பியர் என்ற விகிதத்தில் மின்னோட்டம் தந்தது. சாதாரண சிலிக்கான் ஒளி டயோடு ஓர் ஆம்பியரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பேன். சிக்கிக்கொண்ட மின்னூட்டங்கள் விடுபடும்வரை மின்னோட்டம் தொடர்வதே இப்பெருக்கத்துக்குக் காரணம். ஆகவே விளக்கை அணைத்தபின் உணரி அடங்கச் சில வினாடிகள் பிடிக்கின்றன, வீடியோ கேமராவுக்கு அது ஒத்துவராது. கந்தக அணு விடுபட்ட குழிகள் ஒளிர்தலையும் கெடுக்கின்றன. 2015இல் பெர்க்லி குழுவொன்று வீரியமிக்க கரிம அமிலத்தால் ஏட்டைப் பதப்படுத்தி அக்குறையை ஏறத்தாழ முழுவதும் நீக்கிக் காட்டியது.

உங்கள் கிரீஸ் ஒளிருமா என்றால், ஒளிராது. அதிலுள்ள துகள் ஒவ்வொன்றும் பல நூறு ஏடுகள் சேர்ந்த கட்டி.