காத்தாடி கிரேனுக்கு நிலத்தில் வழி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, கயத்தாறு பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறோம். பக்கத்து நிலங்களில் மின்சாரம் எடுக்கும் காற்றாலைக் காத்தாடி நிறுத்தப் போகிறார்களாம். அதற்கு வரும், டயருக்குப் பதில் இரும்புச் செயினில் நகரும் பெரிய கிரேன் போக, எங்கள் நிலத்தில் 12 மீட்டர் அகலம், 150 மீட்டர் நீளத்துக்கு வழி கேட்கிறார் ஒரு புரோக்கர். ஆனி மாதம் தொடங்கி நாலு மாதம், மொத்தமாக ஒரு தொகை. “டிராக்டர் போவதைவிட நிலம் அதிகமாக அமுங்காது” என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: வழி கொடுக்கலாம். ஆனால் அந்தப் புரோக்கர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் டிராக்டர் கதை. இது பாதி உண்மை, அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். உயரமான காத்தாடிகளை நிறுத்தும் கிரேன், எதிர் எடைகளோடு சேர்ந்து 500 டன்னைத் தாண்டும். அந்த எடை இரண்டு நீளச் செயின்களில் பரவுவதால், ஒரு சதுர மீட்டருக்கு விழும் அழுத்தம் டிராக்டர் டயரின் அழுத்தத்திலிருந்து ரொம்பத் தள்ளிப் போகாது. சரி. ஆனால் டிராக்டர் டயர் அகலம் குறைந்தது. அதன் அமுக்கம் உழவு ஆழத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும், அடுத்த உழவில் சரியாகும். செயின் அகலம், மேலே இருக்கும் எடையும் பெரிது. அதனால் அமுக்கம் மீட்டர் கணக்கில் கீழே இறங்கும். அங்கே உங்கள் கலப்பை போகாது. தண்ணீரும் வேரும் போகாது. இன்னொன்று, பூம், அதாவது கிரேனின் நீளக் கை, சுமையோடு ஒரு பக்கம் திரும்பினால் எடையில் பெரும்பகுதி அந்தப் பக்கச் செயினின் ஓரத்துக்கு வந்துவிடும். புரோக்கர் சொல்லும் சராசரிக் கணக்கு அந்த நேரத்தில் செல்லாது.

அடுத்தது இடக் கணக்கு. 12 மீட்டருக்கு 150 மீட்டர் என்றால் சுமார் 45 சென்ட். ஆனால் இவ்வளவோடு நிற்காது. இந்தக் கிரேனின் பூமைத் தரையில் நீளமாகக் கிடத்தித்தான் பூட்டுவார்கள். காற்று மிஞ்சினால் மறுபடி தரையில் இறக்கிக் கிடத்த வேண்டும். காத்தாடி உயரத்துக்கு எட்டும் பூம் நூறு மீட்டருக்கு மேல் நீளும். உங்கள் பாதை வளைந்து போனால், அது பயிருக்குள்தான் கிடக்கும். நான் பார்த்த ஒப்பந்தங்களில் பூம் கிடத்தும் இடத்தைப் பற்றி ஒரு வரியும் இருந்ததில்லை. வரைபடத்தில் அதைக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காற்று என்றதும் மாதக் கணக்கைப் பாருங்கள். காற்று நொடிக்கு எட்டுப் பத்து மீட்டரைத் தொட்டாலே இறக்கை தூக்கும் வேலையை நிறுத்திவிடுவார்கள். உங்கள் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காத்தாடி வைக்க அந்த ஊரைத் தேடி வந்ததே அந்தக் காற்றுக்காகத்தானே. ஆனியில் வரும் கிரேன் ஆடி முழுக்கச் சும்மா நிற்கும், அவர்கள் கேட்கும் நாலு மாதமே புரட்டாசிக் கடைசி வரை ஓடும், அதுவும் ஆறாகும், புரட்டாசிப் பட்டம் போய்விடும். அப்புறம் ஐப்பசி மழையில் கரிசல் சேறாகி, செயின் புதையும். ஆகவே நாலு மாதம், ஒரு தொகை என்று மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். புரட்டாசி பிறக்கும் முன் நிலம் கைக்கு வராவிட்டால் ஒரு போக விளைச்சலுக்கு ஈடு என்று எழுதுங்கள். மழை பெய்து ஈரம் காயும் வரை கிரேனை நகர்த்தக் கூடாது என்றும் எழுதுங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு விவசாயியின் கரிசலில் கிரேன் முழங்கால் ஆழம் புதைந்தது. லாரி லாரியாகச் சரளைக் கொட்டித்தான் வெளியே எடுத்தோம். அந்தச் சரளை யாரும் அள்ளவில்லை. கம்பெனியைக் கேட்டால், ஒப்பந்தம் புரோக்கரோடு போட்டது என்றார்கள். புரோக்கரின் போன் எடுபடவே இல்லை. இன்றைக்கும் அந்த மனிதரின் முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: கையெழுத்து கம்பெனியோடு மட்டும், பணம் வங்கி வழியாக மட்டும். உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை, அதாவது பவர், எழுதிக் கொடுக்கச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

“தேவைப்படும் போதெல்லாம்” என்ற சொல் தாளில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். காத்தாடி இருபது இருபத்தைந்து வருடம் நிற்கும். கியர்பாக்ஸோ இறக்கையோ பழுதானால் பெரிய கிரேன் திரும்ப வரும். ஒவ்வொரு தடவைக்கும் தனித் தொகை, தனி அனுமதி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நோட்டரி முத்திரை போதும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை உங்களிடம் யாரும் சொல்லமாட்டார்கள். கிரேன் செயினில் நடந்துதான் போக வேண்டும் என்பதில்லை. கழற்றி, நாற்பதுக்கும் மேற்பட்ட டிரெய்லர்களில் ரோடு வழியாகக் கொண்டுபோய் மறுபடி பூட்டலாம். அதற்கு ஒரு வாரம் போகும், செலவும் அதிகம். அதனால்தான் கழற்றாமல், பூமை நிமிர்த்தியபடியே உங்கள் நிலத்தில் நடத்தப் பார்க்கிறார்கள். அருகருகே நாலைந்து காத்தாடி என்றால் அது நியாயம்தான். ஒன்றே ஒன்று, அதற்கும் வண்டிப்பாதை இருக்கிறது என்றால், உங்கள் நிலம் அவர்களுக்குச் செலவை மிச்சப்படுத்தும் குறுக்குவழி, அவ்வளவே. உயர் மின்கம்பி குறுக்கே போனாலும் பெரும்பாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே எத்தனை காத்தாடி, எந்தெந்தச் சர்வே எண்ணில் என்று முதலில் கேளுங்கள். உங்கள் பேரத்தின் பலம் அந்தப் பதிலில் இருக்கிறது.

பூம் நிமிர்ந்தபடி நடக்கத் தரை மட்டமாக இருக்க வேண்டும். வரப்பை வெட்டிச் சமன் செய்வார்கள், எல்லைக்கல்லும் போய்விடும். முன்னதாகவே அளந்து வைக்கலாம் என்று சர்வேயருக்கு மனுக் கொடுத்தால், கிரேன் வந்து வேலை முடித்துப் போன பிறகும் அவர் வருவதில்லை. இத்தனை டன் இயந்திரம் ஒருவர் வயலில் ஏறுவதற்கு முன் மண்ணைப் பார்த்துச் சொல்ல ஓர் அதிகாரியும் இல்லை. எனக்கு இது ஆத்திரமாகவே இருக்கிறது. மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரரை நிற்கவைத்து, கல்லும் வரப்பும் தெரியும்படி போட்டோ எடுங்கள்.

வேலை தொடங்கும் முன் மேல்மண்ணை ஓர் அடி வழித்துத் தனியாகக் குவிக்கச் சொல்லுங்கள். சரளைக்கு அடியில் துணி விரிப்புப் போட்டால் பிறகு சுத்தமாக அள்ளலாம். முடிந்ததும் சரளை வெளியேற வேண்டும், மேல்மண் திரும்ப வேண்டும், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்கும் ஆழ உழ வேண்டும். ஈரத்தில் உழுதால் இறுக்கம் போகாது. இத்தனையும் அவர்கள் செலவு. அதற்கான தொகையை டெபாசிட்டாக முன்பே வாங்கி, முதல் உழவு முடிந்து, நிலம் சரியாக இருக்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுத்த பிறகு திருப்பிக் கொடுங்கள்.