மேமோகிராமைக் கணினி படிக்கலாமா?

கேள்வி: 52 வயதான என் அக்காள் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்த ஸ்கேன் மையத்தில், படத்தை முதலில் செயற்கை நுண்ணறிவு பார்க்கும், பிறகே டாக்டர் பார்ப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, கட்டணத்தைக் கூட்டும் உத்திதானா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பயன் உண்டு. மேமோகிராமில் கொழுப்பு கருமையாகவும் சுரப்பித் திசு வெண்மையாகவும் தெரியும். கட்டியும் வெண்மையாகவே தெரிவதால், அடர்த்தியான மார்பகத்தில் அதைத் தேடுவது வெள்ளையடித்த சுவரில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைத் தேடுவதற்குச் சமம். அறிகுறி இல்லாத ஆயிரம் பெண்களைப் பரிசோதித்தால் ஐந்தாறு பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும் என்பதால், நாள் முழுவதும் குறையற்ற படங்களையே பார்க்கும் கண் அசந்துபோவதும் இயல்பே. அதனால்தான் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படிக்கிறார்கள்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக மருத்துவர் கிறிஸ்டினா லாங்கின் குழு, 2021-இல் தொடங்கிய 'மசாய்' ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவில் வழக்கம்போல் இருவர் படித்தார்கள். மற்றதில் கணினி ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை அபாய மதிப்பெண் இட, 10 பெற்றவற்றை மட்டும் இருவரும் மற்றவற்றை ஒருவரும் படித்தார்கள். வழக்கமான பிரிவில் ஆயிரத்துக்கு 5 பேரிடமும், கணினி உதவிய பிரிவில் 6.4 பேரிடமும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருத்துவர்களின் படிப்பு வேலை 44 சதவீதம் குறைந்தது. புற்றுநோய் இல்லாதிருந்தும் மேல்பரிசோதனைக்கு வீணாகத் திரும்ப அழைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை. என் பார்வையில், மருத்துவரின் கவனம் எங்கே தேவையோ அங்கே அதைத் திருப்பிவிட்டதுதான் இதில் கணினி செய்த பெரிய உதவி.

ஆனால் 2023-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், 27 மருத்துவர்களுக்குக் கணினியின் கணிப்பு என்று சொல்லி வேண்டுமென்றே சில தவறான முடிவுகளைக் காட்டினார்கள். சரியான கணிப்பைப் பார்த்தபோது ஏறத்தாழ 80 சதவீதம் சரியாகச் சொன்ன அனுபவம் குறைந்தவர்கள், தவறானதைப் பார்த்தபோது 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள். பழுத்த அனுபவசாலிகளும் சறுக்கினார்கள். ஆகவே அறிக்கையில் கதிரியக்க மருத்துவர் கையெழுத்திட்டிருக்கிறாரா, முந்தைய மேமோகிராம் இருந்தால் அதோடு ஒப்பிட்டாரா என்று அக்காளைக் கேட்கச் சொல்லுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டால், அது எதற்கு என்றும் கேட்கலாம்.

இன்னொன்று: சுவீடனில் அந்தப் பெண்கள் வழக்கமான பரிசோதனைக்கு அழைக்கப்பட்டு வந்தவர்கள். உங்கள் அக்காள், மார்பகத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டுப் போயிருந்தால், கணினியும் மருத்துவரும் படம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னாலும், அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது.