புதிய கைபேசிக்கு வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்றுவது குறித்து

வணக்கம் ஐயா. பாலக்கோடு தக்காளி மண்டிச் சீட்டுப் படங்களும் வியாபாரிகளின் குரல் பதிவுகளும் ஆறாண்டுகளாக வாட்ஸ்அப்பில் சேர்ந்திருப்பதாகவும், கூகுள் டிரைவ் நிறைந்து பேக்கப் பாதியில் நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இலவசமாகத் தரப்படும் 15 ஜிபி இடத்தை ஜிமெயிலும் புகைப்படங்களும் வாட்ஸ்அப் பேக்கப்பும் பங்கிட்டுக்கொள்வதே காரணம். இதற்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

உங்கள் பழைய, புதிய கைபேசிகள் இரண்டும் ஆண்ட்ராய்டு என்பதால், அவற்றை அருகருகே வைத்து, வைஃபையையும் லொகேஷனையும் இயக்கிக்கொள்ளுங்கள். புதியதில் அதே எண்ணைப் பதிவு செய்தவுடன், பழைய கைபேசியிலிருந்து உரையாடல்களை மாற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தால் க்யூஆர் குறியீடு தோன்றும்; பழையதில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘சாட்ஸ்’ பகுதிக்குள் உள்ள மாற்றும் வசதியைத் திறந்து அதை ஸ்கேன் செய்தால், டிரைவைத் தொடாமலேயே படங்களும் குரல் பதிவுகளும் உட்பட உரையாடல்கள் நேராக வந்து சேரும். புதியதில் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவசரப்பட்டு ‘ஸ்கிப்’ அழுத்திவிடாதீர்கள். கிருஷ்ணகிரியில் என் மைத்துனர் அப்படிச் செய்துவிட்டு, செயலியை நீக்கி மீண்டும் நிறுவ நேர்ந்தது. பதிவுகள் அதிகமென்றால் நேரம் பிடிக்கும். இரண்டையும் சார்ஜில் போட்டுவிடுங்கள்.

கூகுள் பே, போன்பே போன்றவை இப்படி மாறுவதில்லை. சிம்மைப் புதியதில் போட்டபின், அந்த எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகச் சென்றுதான் வங்கிக் கணக்கு இணையும். எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியில்லாத ரீசார்ஜ் என்றால் அங்கேயே சிக்கிக்கொள்ளும் (நம் பக்கத்தில் பலர் தடுமாறுவது இதில்தான்). பணம் அனுப்பும்போது இடும் பழைய யுபிஐ ரகசிய எண்ணே (PIN) புதியதிலும் செல்லுபடியாகும்.

நான்கைந்து பழைய குரல் பதிவுகளைப் புதியதில் ஒலிக்கவிட்டுப் பார்க்கும்வரை பழைய கைபேசியை ரீசெட் செய்யாதீர்கள்.