செஸ்ஸுக்காகப் பள்ளியை நிறுத்தலாமா?

குலசேகரத்திலிருந்து எழுதியிருக்கும் சாருக்கு,

மகன் ஒன்பதாம் வகுப்பு, ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், 1740. பள்ளியை விட்டுவிட்டு முழுநேரம் செஸ் ஆடணும் என்கிறான், அதற்கு ரப்பர் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கைத் தொடணும், கூடவே மூன்று நார்ம், அதாவது பட்டத்துக்கான தகுதிச் சாதனை. நார்ம் எடுக்க, பொதுவாக ஒன்பது சுற்றுப் போட்டியில், கிராண்ட்மாஸ்டர்களும் வெளிநாட்டவரும் உள்ள எதிராளிகளிடம் 2600 தரத்தில் ஆடிக் காட்டணும். அப்படிப்பட்ட போட்டிகளைத் தேடித்தான் பிள்ளைகள் ஸ்பெயின், ஹங்கேரி, செர்பியா என்று அலைகிறார்கள். விமானம், தங்குமிடம், கோச் கட்டணம், போதாததற்குக் கூடப் போகிறவரின் வருமான இழப்பு. 2024-ல் உலக சாம்பியன் ஆன குகேஷின் அப்பா டாக்டர். மகனோடு போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தவர்.

சரி, பட்டம் வாங்கிவிட்டான் என்றே வையுங்கள். அது ஆயுள் முழுக்க நிற்கும், ஆனால் மாதச் சம்பளம் தராது. 2024 உலக சாம்பியன்ஷிப்பின் பரிசுத்தொகை 25 லட்சம் டாலர். ஆடியது இரண்டே பேர். 1988-ல் ஆனந்த் பட்டம் பெற்றபோது இந்தியாவில் அவர் ஒருவர்தான் கிராண்ட்மாஸ்டர், இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. 2500-ஐ ஒட்டி நிற்பவர் பரிசுப் பணத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பயிற்சி கொடுப்பது, ஐரோப்பிய லீக் அணிகளுக்கு ஆடுவது, ரயில்வேயிலோ எண்ணெய் நிறுவனங்களிலோ விளையாட்டு வீரருக்கான வேலை, இவைதான் அடுப்பெரிய வைக்கும். சாதித்த வீரர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால் வேலை என்று வந்தால் சான்றிதழ் கேட்பார்களே! பள்ளியை விடாதீர்கள் என்பது அதனால்தான்.

பையன் அவசரப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 18 வயதாகும் ஆண்டு முடியும்வரை, 2300-க்குக் கீழே இருந்தால், சம ரேட்டிங்காரரை வென்றால் 20 புள்ளி ஏறும். தோற்றால் அதே 20 இறங்கும். அதற்குப் பிறகு ஏற்றம் பாதியாகிவிடும். ஆகவே இந்த நாலு வருஷத்தை வீணாக்கவும் கூடாது.

அடுத்த முறை தோற்று வரும்போது ஒன்றும் கேட்காமல் கவனியுங்கள். ஸ்கோர் ஷீட்டை விரித்துப் போர்டில் காய்களை அடுக்கி, யானைகள் மிஞ்சிய அந்தக் கடைசிக் கட்ட ஆட்டத்தை (ரூக் எண்டிங்) எந்த நகர்த்தலில் விட்டோம் என்று தேடுகிறானா? இல்லை, செல்போனில் பிளிட்ஸ் என்கிற சில நிமிட வேக ஆட்டம் ஆட உட்கார்ந்துவிடுகிறானா? முதலாவது என்றால் நான் உங்கள் மகன் பக்கம். இரண்டாவது என்றால் எந்த கோச்சாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குள் 2000-ஐ எட்டினால், பதினொன்றில் நேரம் விடுகிற குரூப்பாகச் சேருங்கள். டாக்டர் சீட் ஆசையை அப்போது நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். போட்டிக்காக ஒவ்வொரு முறையும் சென்னைக்கு ராத்திரி ரயில் ஏற வேண்டியதில்லை. திருவனந்தபுரம் பக்கத்தில்தானே இருக்கிறது. 2015-ல் கிராண்ட்மாஸ்டர் ஆன எஸ்.எல்.நாராயணன் அந்த ஊர்க்காரர்தான். அங்கே நடக்கும் ஓபன் ரேட்டிங் போட்டிகளின் தேதிகளைப் பார்த்து, காலாண்டுத் தேர்வோடு மோதாதவற்றுக்கு மட்டும் பெயர் கொடுங்கள்.