பழைய அம்பாசிடரில் டேங்க் நிரப்பினாலும் பெட்ரோல் மீட்டர் பாதியைத் தாண்டவில்லை. மீட்டரை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம், இப்போதைக்குக் கழற்றவும் வேண்டாம். குளச்சலில் கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டி, டேங்க் நிறைந்தும் பெட்ரோல் முள் பாதியில் நிற்கிறது, இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர் மட்டும் ஒழுங்காகக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்க் ஃப்ளோட்டின் (பெட்ரோல் மட்டத்தை மிதவையால் அறிந்து மீட்டருக்குச் சொல்லும் பாகம்) எர்த், அதாவது அது வண்டியின் பாடியோடு சேரும் மின் இணைப்பு.

எந்த வகை மீட்டர் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அம்பாசிடர் 1958 முதல் 2014 வரை வந்த வண்டி. இடையில் டேஷ்போர்டு பலமுறை மாறியது, முன்பு வைத்திருந்தவர்கள் மாற்றியதும் உண்டு. அதனால் வருடத்தை வைத்து முடிவு செய்யாமல் முள்ளைப் பாருங்கள். சாவி போட்டதும் துள்ளிப்போய் நின்றால் அது காந்தச்சுருள் வகை. அரை நிமிடம்போல எடுத்துக்கொண்டு மெல்ல ஏறினால் பைமெட்டல் வகை: உள்ளே இரட்டை உலோகப் பட்டையின் மேல் சுற்றிய கம்பி சூடாகி, பட்டை வளைந்து, முள்ளைத் தள்ளும். ஃப்ளோட் கம்பியைக் கழற்றிவிட்டால் பைமெட்டல் முள் E-க்கு (காலி) இறங்கும். பழைய பிரிட்டிஷ் காந்தச்சுருள் மீட்டரில் நேர் எதிர், F-க்கு (நிறைவு) போகும். இது தெரியாமல் சோதித்துத்தான் நல்ல மீட்டர்கள் பல குப்பைக்குப் போகின்றன. காந்தச்சுருள் வகையில் எர்த் கெட்டால் இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை மலைப் பக்கம் போகிறவர்கள், நடுவழியில் நின்றுபோகாமல் இருக்க, இதை அலட்சியம் செய்யக் கூடாது.

உங்களுடையது மெல்ல ஏறும் வகை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஸ்மித்ஸ் (பிரிட்டிஷ் மீட்டர் கம்பெனி) வகை பைமெட்டல் மீட்டருக்கான ஃப்ளோட்டில் மின்தடை டேங்க் நிறைந்தால் சுமார் 20 ஓம், பாதியில் 68, காலியில் 240 இருக்கும். நிறைந்த டேங்கின் 20 ஓமோடு வழியில் எங்காவது 48 ஓம் சேர்ந்தால் மொத்தம் 68. மீட்டர் அதைப் பாதி டேங்க் என்றுதான் படிக்கும். அந்த 48 ஓமுக்குத் துருப்பிடித்த ஒரு ஸ்குரூவும் களிம்பு பிடித்த ஒரு டெர்மினலும் போதும். உப்புக் காற்றோடு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. டேங்கைச் சுற்றிய பெயின்ட், ரப்பர் பேக்கிங் வேறு எர்த்தைத் தடுக்கும்.

சோதனை எளிது. இக்னிஷனை அணைத்துவிட்டு, ஃப்ளோட்டின் உலோகத் தட்டிலிருந்து பாடியின் சுத்தமான போல்ட் ஒன்றுக்குத் தற்காலிகமாக ஒரு கம்பி மாட்டுங்கள். மாட்டி முடித்த பிறகே சாவி போடுங்கள், டேங்க் அருகே ஒரு தீப்பொறியும் வரக் கூடாது. ஒரு நிமிடத்தில் முள் F பக்கம் ஏறினால் நோய் அதுதான். மல்டிமீட்டர் இருந்தால் ஃப்ளோட் தட்டுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்க வேண்டும், ஒரு வோல்ட் காட்டினாலே எர்த் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

சரிசெய்ய, 1.5 சதுர மி.மீ. கம்பி ஒன்றை இரண்டு முனையிலும் ரிங் டெர்மினல் அழுத்தி, ஃப்ளோட் தட்டின் ஸ்குரூவிலிருந்து பாடிக்கு நிரந்தரமாக இழுங்கள். உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை உலோகம் தெரியும்வரை தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். மீட்டருக்குப் போகும் கம்பியின் முனையையும் பாருங்கள். தோலை உரித்தால் செம்பு கறுத்திருக்கிறதா? பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த இழையை அழுத்திப் போட்டால் அடுத்த ஆனியில் இதே கேள்வியோடு வருவீர்கள். விசைப்படகுகளில் போடும் டின் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் அதுவே மேல்.

எர்த் சரியாகியும் முள் ஏறவில்லை என்றால்தான் ஃப்ளோட்டைக் கழற்ற வேண்டும். பேட்டரி கம்பியை எடுத்துவிடுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள். ஃப்ளோட் டேங்கின் பக்கவாட்டில் இருந்தால் அந்த மட்டத்துக்குக் கீழே பெட்ரோலை இறக்கிக்கொள்ளுங்கள். வெளியே எடுத்ததும் மிதவைக் கம்பியை மெல்ல மேலும் கீழும் அசைத்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 20-க்கும் 240-க்கும் இடையே சீராக நகர வேண்டும். நடுவில் திடீரென்று அறுந்தால் உள்சுருள் தேய்ந்திருக்கிறது. வெறும் அழுக்கு என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, தொடுபட்டையைச் சற்றே அழுத்தமாக வளைத்தால் போதும். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை. வெந்நீரில் முக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். உள்ளே இருப்பதை முழுக்க வடித்து நன்றாகக் காயவிட்ட பிறகே, மிக மெல்லியதாக ஈயம் வைக்க வேண்டும். அதிகம் வைத்தால் கனத்து மிதவை தாழும். கொஞ்சமாவது பெட்ரோல் வாசம் இருந்தால் சூடு காட்டவே கூடாது. பழைய கார்க் கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பரில் புதிதாகப் போடுங்கள்.

ஹீட் மீட்டரும் சேர்ந்து தவறாகக் காட்டினால் கதை வேறு. அப்போது இரண்டுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அது 12 வோல்ட்டை விட்டுவிட்டுக் கொடுத்துச் சராசரி 10 ஆக்கும், மல்டிமீட்டரில் எண் துள்ள வேண்டும். துள்ளாமல் 12-இல் நின்றால் உள்ளே கான்டாக்ட் ஒட்டியிருக்கலாம், அல்லது அதன் உடல் எர்த் இழந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் இரண்டு மீட்டரும் கருகலாம். மாற்றாக, சீராக 10 வோல்ட் தரும் 7810 ஐ.சி. போடலாம்: உள்ளே வரும் காலுக்கு 0.33 மைக்ரோஃபாரட், வெளியேறும் காலுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்து, முதுகை மெட்டலில் போல்ட் செய்யுங்கள். முதுகும் நடுக்காலும் எர்த்தே. ஆனால் பேட்டரி நெகட்டிவ் பாடியில் உள்ள வண்டிக்கு மட்டும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு 7910 வேண்டும், அதில் கால்களின் வரிசையும் முதுகின் இணைப்பும் வேறு. எந்த நிலையிலும் மீட்டரின் இரண்டு முனைக்கும் நேரடி 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள்.

எல்லாம் சரியானதும், டேங்கைக் காலியாக்கி 5 லிட்டர் மட்டும் ஊற்றி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஒரு நிமிடம் கழித்து முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருந்தவில்லை என்றால் மிதவைக் கம்பியை இரண்டு மூன்று மி.மீ. வளைத்துத் திரும்பப் பாருங்கள். கால் டேங்குக்குக் கீழே உள்ள பகுதி துல்லியமாக வந்தால் போதும். நிறைந்த டேங்கில் முள் F-க்கு ஒரு நூல் முன்னே நின்றாலும் அதை அப்படியே விடலாம்.